பத்தாவது புத்தகத்துக்கும் ‘நாளே பா’வா?

எங்கள் தமிழ் மன்றத்தின் நூலகக் குழுவினருக்கு,

போன மாதம் அறிவிப்புப் பலகையில் நீங்கள் ஒட்டிய ஒரு பக்கத் தாளைப் பற்றித்தான் இந்த மடல். டேரன் ஷான் எழுதிய ‘டெமோனாட்டா’ வரிசையின் கடைசிப் புத்தகமான ‘ஹெல்ஸ் ஹீரோஸ்’ இனி யாருக்கும் இரவல் தரப்படாது என்று அதில் இருக்கிறது. பேய், நரகம் முதலியவை சிறுவர் மனதைக் கெடுப்பவை, தமிழ்ப் பண்பாட்டுக்கு ஒவ்வாதவை என்று காரணமும் எழுதியிருக்கிறீர்கள். நான் இரண்டு முறை நேரில் வந்து பேசினேன். ஒரு முறை எழுதிக் கொடுத்தேன். பதில் இல்லை. அதனால்தான் எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

டெலிபோன் ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பெங்களூர் அல்சூரில் சோமேசுவரர் கோயிலுக்குப் பின்னால் குடியிருக்கிறேன். இந்த நூலகத்தில் உறுப்பினராகி இருபத்தாறு வருடம் ஆகிறது. சந்தா ஒரு வருடமும் பாக்கி வைத்ததில்லை. எனக்குப் பேய்க் கதை பிடிக்கும் என்பதற்காக எழுதவில்லை. உண்மையைச் சொன்னால், இந்த வரிசையின் இரண்டாவது புத்தகத்தில் பாதிக்கு மேல் என்னால் போக முடியவில்லை. என் பேத்திதான் படித்தாள். பதினான்கு வயது. அவள் படித்து, எங்கள் சந்துப் பிள்ளைகளுக்குச் சொன்னாள்.

அதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். இங்கே என்ன நடந்துகொண்டிருந்தது என்பதே உங்கள் தீர்மானத்தில் இல்லை.

எங்கள் சந்தில் கன்னட மீடியம், தமிழ் மீடியம், இங்கிலீஷ் மீடியம் மூன்றிலும் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். இங்கிலீஷ் நாவலைத் தானாக எடுத்துப் படிக்கக்கூடியவர்கள் இரண்டு மூன்று பேர்தான். ஒருநாள் சாயங்காலம் கரண்ட் போனது. பேத்தி எங்கள் வாசல்படியில் உட்கார்ந்து முதல் புத்தகத்தின் கதையை ஆரம்பித்தாள். அடுத்த வாரம் கரண்ட் இருந்தபோதும் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். ‘அக்கா, லைட்ட அணைச்சிட்டுச் சொல்லுங்க’ என்று கேட்டார்கள். ஒன்றரை வருடத்தில் ஒன்பது புத்தகம் இப்படித்தான் முடிந்தது. பூ விற்கிற அம்மாவின் மகள் கடையைச் சாத்திவிட்டு, மீந்த சாமந்தியை மடியில் வைத்துக்கொண்டு வந்து உட்காருவாள். மாவு மில்காரர் பையன் தலைமுடியெல்லாம் வெள்ளையாக வருவான். சில நாள் பதினைந்து பேர் வரை இருப்பார்கள்.

கதையில் வரும் முக்கியமான பேய் லார்ட் லாஸ். எட்டுக் கை, வெளிறிய சிவப்புத் தோல், இதயம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பொந்து, அதற்குள் பாம்புகள். பேத்தி முதலில் ‘இழப்பரசன்’ என்று பெயர் வைத்துப் பார்த்தாள். பிள்ளைகள் வாயில் அது நிற்கவில்லை. ‘எட்டுக்கையன்’ ஆகிவிட்டான். மனிதர்களின் துக்கம்தான் அவனுக்குச் சாப்பாடு. முதல் புத்தகத்தில் கிரப்ஸ் என்ற பையனின் அப்பா, அம்மா, அக்கா மூன்று பேரையும் கொன்றுவிடுகிறான். பரம்பரையாக வரும் ஓநாய்ச் சாபம் நீங்க வேண்டுமானால் அவனோடு சதுரங்கம் ஆடி ஜெயிக்க வேண்டும். ஆட்டம் கைவிட்டுப் போகும் நேரத்தில், நாம் கலங்கினால் இவன் கொழுக்கிறான் என்று பையனுக்குப் பிடிபடுகிறது. ஜெயித்தால் என்ன, தோற்றால் என்ன என்ற மாதிரி ஆட ஆரம்பிக்கிறான். எட்டுக்கையனுக்குச் சப்பென்று போய்விடுகிறது.

இது எங்கள் சந்தில் என்ன செய்தது தெரியுமா? மில்காரர் பையன் சதுரங்கத்தில் தோற்றால் பலகையைத் தட்டிவிட்டு அழுகிற ரகம். இப்போது தோற்றால் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிக்கிறான். ‘எட்டுக்கையனுக்கு நான் தீனி போடமாட்டேன்’ என்கிறான். உங்கள் தாளில் ‘மனதைக் கெடுப்பவை’ என்று படித்தபோது எனக்கு அந்தச் சிரிப்புதான் ஞாபகம் வந்தது.

அந்தப் பத்துப் புத்தகங்கள் 2005 முதல் 2009 வரை வருடத்துக்கு இரண்டாக வந்தவை. கிரப்ஸ், கெர்னல், பெக் என்று மூன்று பேர் மாறி மாறிக் கதை சொல்கிறார்கள். பெக் சுமார் 1,600 வருடத்துக்கு முந்தைய அயர்லாந்துப் பெண். முதலில் மூன்றும் மூன்று தனிக் கதை மாதிரி இருக்கும். போகப் போக ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு ஒரே கயிறாகிறது. பத்தாவது புத்தகத்தில்தான் அந்தக் கயிற்றுக்கு முடிச்சு. ஒன்பது வரை கொடுத்துவிட்டுப் பத்தாவதை எடுப்பது என்பது பத்தில் ஒரு பங்கை எடுப்பது ஆகாது.

செயலாளர் ஐயா, நீங்கள் என்னிடம் சொன்னதை மறந்திருக்க மாட்டீர்கள். ‘பத்துல ஒண்ணு இல்லாட்டி என்ன சார், ஒம்போது குடுத்தோமே’ என்றீர்கள். அன்றைக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. இப்போது சொல்கிறேன். இலையில் கடைசியாக மோர் இல்லையென்றால் யாரும் குறை சொல்லமாட்டோம். நீங்கள் நிறுத்தியிருப்பது விக்கிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கான தண்ணீரை.

ஆபத்தை அவிழ்த்துவிட்டு, பிடித்துக் கட்டுகிற இடத்துக்கு முன்னால் கதையை நிறுத்தியிருக்கிறீர்கள். பேய்க் கதையில் பயம் முதலில் வரும், விடிவு கடைசியில் வரும். பயமுறுத்தும் ஒன்பதையும் திறந்த அலமாரியில் வைத்துவிட்டு, என்ன ஆயிற்று என்று சொல்லும் ஒன்றை மட்டும் பூட்டியிருக்கிறீர்கள். பயம்தான் பிரச்சினை என்றால் முதல் புத்தகத்தையல்லவா பூட்டியிருக்க வேண்டும்? ஒரு வீடே வெட்டுப்பட்டுக் கிடப்பது அதில்தான் வருகிறது. அது இன்றைக்கும் மூன்றாவது தட்டில் இருக்கிறது. யாரும் எடுக்கலாம்.

சின்ன வயதில் அம்புலிமாமா வாங்கிப் படித்தவர்கள் உங்கள் குழுவிலும் இருப்பீர்கள். மாதாமாதம் வேதாளம் மறுபடியும் முருங்கை மரத்தில் ஏறிக்கொள்ளும். ஆனால் பழைய கதையில் வேதாளத்துக்குக் கணக்கு உண்டு, இருபத்தைந்து. கடைசிக் கதைக்கு விக்கிரமாதித்தனிடம் பதில் இல்லை, வாயைத் திறக்காமல் நடக்கிறான். அப்போதுதான் வேதாளம் விஷயத்தை உடைக்கிறது. உன்னை அனுப்பிய சாமியார் உன்னையே பலி கொடுக்கப்போகிறான் என்று சொல்லி, தப்பிக்கும் வழியையும் சொல்லித் தருகிறது. இருபத்து நாலோடு நிறுத்திப் பாருங்கள், ராஜாவின் தலை பலிபீடத்தில் இருக்கும்.

‘தமிழ்ப் பண்பாட்டுக்கு ஒவ்வாதவை’ என்ற வரியைப் பற்றி. நம் நூலகத்தில் கலிங்கத்துப்பரணிக்கு உரையோடு மூன்று பதிப்புகள் இருக்கின்றன, எண்ணிப் பார்த்தேன். அதில் ‘பேய்களைப் பாடியது’ என்றே ஒரு பகுதி. போர் முடிந்த களத்தில் பேய்கள் கூழ் காய்ச்சுகின்றன. செத்தவர்களின் பல்தான் அரிசி, முரசுதான் உரல், யானைத் தந்தம்தான் உலக்கை. இந்த எட்டுக்கையன் செயங்கொண்டாரிடம் வந்தால் எடுபிடி வேலைக்குத்தான் சேர்வான். போன பொங்கல் விழாவில் கட்டுரைப் போட்டியில் ஜெயித்த ஒன்பதாம் வகுப்புப் பையனுக்கு நம் மன்றம் கொடுத்த பரிசே அந்தப் பரணிதான். மேடையில் எடுத்துக் கொடுத்தவர் உங்கள் தலைவர். பேய் வடிவம் வேண்டும் என்று கேட்டு வாங்கிய காரைக்கால் அம்மையாரை நாம் கும்பிடுகிறோம். பேயாழ்வார் என்ற பெயரைக் கைகூப்பித்தான் சொல்கிறோம். அயர்லாந்துப் பேய் என்றால் மட்டும் ஏன் கதவைச் சாத்த வேண்டும்?

சரி, புகார் வந்தது என்கிறீர்கள். வந்தது உண்மைதான், நான் மறைக்கவில்லை. எங்கள் சந்தில் எட்டு வயதுப் பையன் ஒருவன் கூட்டத்தின் பின்னால் ஒளிந்து கேட்டிருக்கிறான். இரண்டு ராத்திரி தூங்கவில்லை, படுக்கையை நனைத்துவிட்டான். அவன் அம்மா உங்களிடம் வந்து சொன்னார். சொன்னதில் நியாயம் இருக்கிறது. சின்னப் பிள்ளைகளை ஒன்பது மணிக்கு முன்னால் வீட்டுக்கு அனுப்பியிருக்க வேண்டும். அதைப் பார்க்காமல் விட்டது என் தப்பு. ரத்தம் சொட்டும் இடங்களைப் பேத்தி தானாகவே விட்டுவிட்டுத்தான் சொல்வாள், ‘இது வாண்டுகளுக்கு வேணாம் தாத்தா’ என்பாள். ஆனாலும் அந்தப் பையனுக்கு அவ்வளவே அதிகமாகிவிட்டது.

நானும் பேத்தியும் அவர்கள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். அந்த அம்மா உள்ளே காபி போடப் போனார். பையன் கதவோரம் நின்றுகொண்டு பேத்தியின் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தான். ‘அக்கா, அப்புறம் என்ன ஆச்சு? அந்த அண்ணா செத்துட்டானா?’ என்றான். பேத்தியிடம் பதில் இல்லை. அவளுக்கே தெரியாதே, பத்தாவது புத்தகம் உங்கள் பீரோவில் அல்லவா இருக்கிறது! காபியோடு வந்த அம்மா அதைக் கேட்டுவிட்டு என்ன சொன்னார் என்பதை அவர் அனுமதியோடு எழுதுகிறேன்: ‘சின்னப் பசங்களுக்குத் தராதீங்கன்னுதான் நான் சொன்னேன். பூட்டி வைங்கன்னு சொல்லலையே. முடிவு தெரிஞ்சா இவனே தூங்கிடுவான்போல.’

யார் பெயரைச் சொல்லிப் பூட்டினீர்களோ அவரே கேட்காத பூட்டு அது.

இன்னொன்று. இந்தப் புத்தகத்தை உங்களில் யாராவது படித்தீர்களா? முதல் ஒன்பதும் ஊரை விட்டுப் போன ஒரு குடும்பம் நன்கொடையாகக் கொடுத்தவை. பத்தாவது இல்லை என்று பிள்ளைகள் கோரிக்கைப் பதிவேட்டில் ஏழு பேர் கையெழுத்துப் போட்டு எழுதினார்கள். நம் நூலகர் அம்மா சிறுவர் நிதியிலிருந்து 180 ரூபாய் எடுத்துக்கொண்டு, சர்ச் ஸ்ட்ரீட்டில் பழைய புத்தகத்துக்கு அலைந்து வாங்கி வந்தார். கூடப் போனவன் நான். முத்திரை குத்தி, எண் போட்டு, பின்னட்டையில் தேதிச் சீட்டு ஒட்டினார். வியாழக்கிழமை அது நடந்தது. சனிக்கிழமை பேத்தி வருவதற்குள் புத்தகம் பீரோவுக்குப் போய்விட்டது. கண்ணாடி வழியாகப் பின்னட்டை தெரிகிறது, அடுத்த முறை போகும்போது பாருங்கள். அந்தச் சீட்டில் ஒரு தேதி கூட இல்லை. ஐந்து பேர் கொண்ட குழுவில் ஒருவர் கூட அதை எடுத்துப் போகவில்லை. அட்டைப் படத்தைப் பார்த்தீர்கள், தலைப்பில் ‘ஹெல்’ என்று இருந்ததைப் பார்த்தீர்கள், அவ்வளவுதான்.

பேத்தி நாலு சனிக்கிழமை வந்தாள். நாலு முறையும் ‘கமிட்டி பேசிட்டு இருக்காங்க, அடுத்த வாரம் வாம்மா’ என்று திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள். எனக்கு 1990களின் பெங்களூர் ஞாபகம் வந்தது. அப்போது ஊர் முழுக்கக் கதவுகளில் கன்னடத்தில் ‘நாளே பா’ என்று எழுதி வைத்திருந்தோம். ராத்திரியில் ஒரு பேய் வந்து வீட்டு மனிதரின் குரலில் கூப்பிடும், திறந்தால் போச்சு. கதவில் ‘நாளைக்கு வா’ என்று இருந்தால் படித்துவிட்டுத் திரும்பிவிடும். மறுநாள் வந்து மறுபடியும் அதையே படிக்கும். கன்னடம் படிக்கத் தெரிந்த பேய், சொன்ன சொல்லை மதிக்கும் பேய்! ஃபேக்டரியில் மைக்ரோமீட்டர் பிடித்து அளவு பார்த்தவன்தான் நான். சிரித்துக்கொண்டே எங்கள் கதவிலும் சாக்பீஸால் எழுதினேன். எழுதாவிட்டால் என் மகள் தூங்கமாட்டாள். அந்த மகளின் மகளுக்குத்தான் இப்போது நூலகத்தில் ‘நாளே பா’ சொல்கிறீர்கள்.

முடிவு தெரியாத பிள்ளைகள் சும்மா இருப்பார்கள் என்று நினைத்தீர்களா? ஆளுக்கொரு முடிவு கட்டிக்கொண்டிருக்கிறார்கள். பூக்கார அம்மாவின் மகள் சொல்லும் முடிவில், அல்சூர் ஏரித் தண்ணீர் வற்றி, அடிச் சேற்றிலிருந்து எட்டுக்கையன் எழுந்து வருகிறான். படகுத் துறையில் ஆரம்பித்து ஒவ்வொரு வீடாக வருகிறான். எந்த வீட்டுக்கு அடுத்தது எந்த வீடு என்று வரிசையாகச் சொல்கிறாள். எங்கள் வீடு ஆறாவது. கேட்டுவிட்டு நானே அன்றைக்கு விளக்கைப் போட்டுக்கொண்டுதான் படுத்தேன். புத்தகத்தில் இதைவிடப் பயங்கரமாக என்ன இருந்துவிடப்போகிறது?

அந்த ஏரிக்கரையில் இருக்கும் திருவள்ளுவரும் என் ஞாபகத்துக்கு வராமல் இல்லை. 1991இல் வைத்த சிலை, 2009 ஆகஸ்டு 9இல்தான் திறந்தார்கள். பதினெட்டு வருடம் மூடியே கிடந்தது. அந்த வழியாக பஸ்ஸில் வேலைக்குப் போன நாளெல்லாம் அந்த மூட்டையைப் பார்த்துக்கொண்டுதான் போவேன். இந்தக் கடைசிப் புத்தகம் வெளிவந்ததும் அதே 2009. இரண்டும் ஒன்றல்ல, தெரியும். ஆனால் ஒன்றைத் துணி போட்டு மூடுவது எப்படி இருக்கும் என்று இந்த ஊர்த் தமிழருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

‘நீங்களே ஒரு பிரதி வாங்கிக் கொடுத்துவிடலாமே’ என்று குழுவில் ஒருவர் கேட்டாராம். என் பேத்திக்கு வாங்கித் தரலாம், வசதி இருக்கிறது. ஆனால் கோரிக்கைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்ட மற்ற ஆறு பேர்? புத்தகம் என்பது நூலகத்தில் கேட்டு வாங்கிப் படிப்பது என்று அந்தப் பிள்ளைகள் இப்போதுதான் நம்ப ஆரம்பித்திருந்தார்கள். நூலகத்தின் முன் அறையில் நீங்கள் மாட்டியிருக்கும் படத்தில் இருக்கிற எஸ்.ஆர். ரங்கநாதன், சீர்காழியில் 1892இல் பிறந்து, கடைசிக் காலத்தை இந்தப் பெங்களூரில் கழித்து, 1972இல் இங்கேயே காலமானவர். 1931இல் ஐந்து விதிகள் எழுதினார். நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது முதல் விதி. வாசகர் ஒவ்வொருவருக்கும் அவருக்குரிய நூல் என்பது இரண்டாவது, நூல் ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய வாசகர் என்பது மூன்றாவது. புத்தகங்களைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்த காலத்தைச் சொல்லித்தான் அவர் முதல் விதியை விளக்குகிறார். ஆகஸ்டு 12இல் அவர் படத்துக்கு மாலை போடுவீர்கள். போடும்போது அவர் முகம் இருக்கும் திசையில்தான் அந்த பீரோவும் இருக்கிறது.

நான் கேட்பது இவைதான்.

அந்த ஆகஸ்டு 12க்கு முன்னால் பத்தாவது புத்தகத்தை பீரோவிலிருந்து எடுத்து இரவலுக்கு விடுங்கள். வயது வரம்பு வேண்டுமானால் வையுங்கள், நான் எதிர்க்கவில்லை. பன்னிரண்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் கையெழுத்து வேண்டும் என்று எழுதிப் போடுங்கள். அதைப் பத்தாவதுக்கு மட்டும் இல்லாமல் வரிசை முழுவதற்கும் போடுங்கள். ‘தமிழ்ப் பண்பாட்டுக்கு ஒவ்வாதவை’ என்ற வரியை அடித்துவிட்டு, திருத்திய தாளை அதே பலகையில் ஒட்டுங்கள்.

இனி எந்தப் புத்தகத்தையாவது எடுப்பதாக இருந்தால், குழுவில் குறைந்தது இரண்டு பேர் அதை முழுசாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். கேட்டு எழுதிய வாசகரையும் புகார் சொன்னவரையும் கூப்பிட்டுப் பேச வேண்டும், வாசகர் எட்டாம் வகுப்புப் பிள்ளையாக இருந்தாலும் சரி.

இந்த விவகாரத்துக்குப் பிறகு சிறுவர் நிதியை நூலகர் அம்மாவின் கையிலிருந்து எடுத்துவிட்டீர்கள். அதை அவரிடமே திருப்பிக் கொடுங்கள். பிள்ளைகள் கேட்டதை வாங்கி வந்தது தவிர அவர் எந்தத் தவறும் செய்யவில்லை. அவரிடம் ஒரு வார்த்தை வருத்தமும் சொல்லுங்கள்.

இந்த மடலுக்கு எழுத்தில் பதில் வேண்டும். பதினைந்து நாளில் வராவிட்டால் அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவருவோம். உறுப்பினர்கள் முப்பத்தொரு பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள், அந்த எட்டு வயதுப் பையனின் அம்மாவும் அதில் ஒருவர்.

புத்தகத்தைத் திரும்ப வைக்கும்போது ஒன்பதாவதுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். இப்போது அந்த இடத்தில் யாரோ ஒரு தையல் பயிற்சிப் புத்தகத்தைச் செருகி வைத்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
அல்சூரிலிருந்து ஒரு பழைய உறுப்பினர்